வண்டியே பார்த்துக்கும்

“வயிறு சரியில்லை மாஸ்டர். எழுந்து நிக்கவே முடியலை. இன்னிக்கு என்னை விட்டுடுங்க.”

மாணவி போனை வைத்துவிட்டாள். ஒரு காலில் சாக்ஸ், இன்னொரு காலில் ஒன்றுமில்லை என்ற கோலத்தில் மாஸ்டர் கூடத்தின் நடுவில் நின்றார். மணி எட்டே கால். ஒன்பதரைக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் அவருக்குப் பரீட்சை.

ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவருக்கு என்ன பரீட்சை என்று கேட்பீர்கள். பயிற்சி கொடுக்கும் அனுமதியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அன்றைக்கு மாஸ்டரே ஓட்டிக் காட்ட வேண்டும். பக்கத்து சீட்டில் ஒரு மாணவர் இருக்க வேண்டும், அவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். பின் சீட்டில் அதிகாரி உட்கார்ந்து குறிப்பெடுப்பார். மாணவர் இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுமதி போனால் பத்தொன்பது வருடத் தொழில் போச்சு. ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு வேறு என்ன தெரியும்? வீட்டில் பல்பு மாற்றுவதற்கே மனைவிதான் ஸ்டூல் மேல் ஏறுவாள்.

இது போதாதென்று இன்னொரு வினையும் இருந்தது. அலுவலகத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் எல்லாம் முப்பது கிலோமீட்டர் பகுதி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அங்கேதான். முப்பதைத் தாண்டினால் கம்பத்தில் இருக்கும் கேமரா படம் எடுத்துவிடும். இந்த வருடம் மாஸ்டரை இரண்டு முறை எடுத்துவிட்டது. ஒருமுறை முப்பத்துமூன்று, ஒருமுறை முப்பத்துநான்கு. மூன்றாவது படம் விழுந்தால் பரீட்சையாவது ஒன்றாவது, அனுமதி தானாக ரத்து. அந்த இரண்டு நோட்டீஸையும் மனைவிக்குத் தெரியாமல் காரின் கையேட்டுக்குள் செருகி வைத்திருந்தார். அந்தப் புத்தகத்தை அந்த வீட்டில் யாரும் திறப்பதில்லை, அவர் உட்பட.

கற்றுக்கொடுக்கிறவரே இப்படி மாட்டுவதற்குக் காரணம் அவருடைய தொழில்தான். பத்தொன்பது வருடமாக அவர் உட்கார்ந்தது ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில், மாஸ்டர் சீட்டில். பயிற்சிக் காரில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். மாணவர்கள் தடுமாறும்போது அதை மிதித்து மிதித்து அவருக்கு ஒரு ஷூ மட்டும் சீக்கிரம் தேயும். ஆனால் அந்தப் பக்கம் ஆக்சிலேட்டர் கிடையாது. எப்போதாவது அவரே ஓட்ட உட்கார்ந்தால், வாய் பாடம் சொல்ல ஆரம்பித்ததும் கால் தன் பாட்டுக்கு அழுத்திவிடும்.

இதற்கு மருந்து சொன்னவன் மச்சான். மனைவியின் தம்பி. போன் கடை வைத்திருக்கிறான். எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் இருக்கும். அது சரியான பதிலா என்று அவனும் பார்த்ததில்லை.

“மாமா, உங்க புது வண்டியில குரூஸ் கன்ட்ரோல் இருக்கு. முப்பதுன்னு வச்சுட்டுக் காலை எடுத்துடுங்க. வண்டி முப்பதுலயே போகும். கேமரா தலைகீழா நின்னாலும் உங்களை ஒண்ணும் பண்ண முடியாது.”

“அது ஊருக்கு வெளியே, பெரிய ரோட்டுக்குத்தானே?”

“வேகம்னா வேகம்தான் மாமா, எந்த ரோடா இருந்தா என்ன? பிரேக்கைத் தொட்டா அது ஆஃப் ஆயிடும், பச்சை விளக்கு அணைஞ்சிடும். திரும்ப வேணும்னா இந்தப் பொத்தானை அமுக்குங்க. அவ்வளவுதான்.”

அந்த வைத்தியத்தை முதன்முதலாக இன்றைக்குத்தான் சாப்பிட்டுப் பார்க்கப் போகிறார். அதற்குள் மாணவி கவிழ்த்துவிட்டாள்.

“என்னைப் பார்க்காதீங்க,” என்றாள் மனைவி. “எனக்கு லைசென்ஸ் இருக்கு. லைசென்ஸ் இல்லாத ஆளாத்தான் இருக்கணும்னு கடிதாசியில போட்டிருக்கு. சொந்தக்காரங்களும் கூடாதாம்.”

“லைசென்ஸ் இல்லாத ஆளுக்கு இந்த நேரத்துல நான் எங்கே போவேன்?”

கூடத்து மூலையில் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. மனைவியின் அம்மா. ஒரு வாரம் தங்கிப் போகலாம் என்று வந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. லிஃப்டில் ஏறினால்கூடக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிற ரகம். புருஷனும் பெண்டாட்டியும் மெதுவாக அந்த மூலைப் பக்கம் திரும்பினார்கள்.

“என்ன அப்படிப் பார்க்கறீங்க?” என்றார் அத்தை.

கூரையில் பயிற்சிப்பள்ளிப் பலகை வைத்த அந்தக் காரில் போகும்போதே மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார்.

“அத்தை, இன்னிக்கு ஒரு மணி நேரத்துக்கு நான் உங்க மாப்பிள்ளை இல்லை.”

“ஐயையோ! என்ன ஆச்சு? அவ ஏதாவது சொன்னாளா?”

“அவ ஒண்ணும் சொல்லலை. அதிகாரி முன்னால நீங்க என் மாணவி. உறவுன்னு தெரிஞ்சா அத்தோட என் பொழைப்பு போச்சு. நான் என்ன சொன்னாலும் ‘சரி மாஸ்டர்’னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை வேண்டாம்.”

“சரி மா... மாஸ்டர்.”

அத்தை தன் பெரிய கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். பைக்குப் பின்னால் ஆள் பாதி மறைந்துபோனார்.

அதிகாரி ஒரு ஒல்லியான பெண்மணி. கண்ணாடி, அட்டை, அட்டையில் செருகிய தாள்கள், ஒரு பேனா. சிரிப்பதற்குத் தனியாகப் படி கொடுத்தால் ஒழியச் சிரிக்க மாட்டார் போலிருந்தது. காருக்குள் குனிந்து பார்த்தார்.

“இவங்களா மாணவி?”

“ஆமா மேடம். ரொம்ப ஆர்வம்.”

“எத்தனை கிளாஸ் முடிஞ்சிருக்கும்மா?”

“சரி மாஸ்டர்,” என்றார் அத்தை.

அதிகாரி ஒரு நிமிடம் அத்தையையே பார்த்துவிட்டுப் பின் சீட்டில் ஏறினார். ஏறியதுமே ஏதோ எழுதினார். பேனா தாளில் கீறும் சத்தம் மாஸ்டரின் பிடரியில் கீறுகிற மாதிரி இருந்தது.

முப்பது என்று சிவப்பு வட்டம் போட்ட பலகை வந்தது. மாஸ்டர் பொத்தானை அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. காலை எடுத்துத் தரையில் ஊன்றினார். முள் முப்பதில் ஆணி அடித்த மாதிரி நின்றது. மச்சான் வாழ்க! முதல் கேமராக் கம்பம் அவரைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது.

“பாருங்கம்மா,” என்று குரலை உயர்த்திப் பாடத்தை ஆரம்பித்தார். “ஓட்டறவங்களுக்கு முதல்ல வேண்டியது நிதானம். பதற்றம் கூடவே கூடாது.”

“சரி மாஸ்டர்.”

பேருந்து நிறுத்தத்தில் ஒரு பேருந்து நின்றிருந்தது. அதன் முன்பக்கத்திலிருந்து, போனைப் பார்த்தபடி, ஒரு ஆள் சடாரென்று சாலையில் இறங்கினான்.

மாஸ்டரின் கால் தரையில் இருந்தது. அதைத் தூக்க வேண்டும் என்று மூளை சொல்லி, கால் அதைக் கேட்டு, பிரேக் எங்கே என்று தேடுவதற்குள், கார் தானாகக் குலுங்கி நின்றது. போன்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடந்து போனான். பச்சை விளக்கு அணைந்திருந்தது.

மாஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது தரையில்தான் இருந்தது. பக்கத்தில் அத்தை பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறைத்துப் போயிருந்தார்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவசரமாக மறுபடி போடும் பொத்தானை அமுக்கினார். கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. இருபது, இருபத்தெட்டு, முப்பத்திரண்டு! அடுத்த கம்பம் கண்ணெதிரே. மாஸ்டர் பிரேக்கைத் தட்டினார், விளக்கு அணைந்தது, கம்பம் தாண்டியது. படம் எடுத்ததா, எடுக்கவில்லையா? சட்டைக் காலருக்குள் வியர்வை இறங்கியது. மறுபடி பொத்தானை அமுக்கினார்.

“அது என்ன பச்சை விளக்கு?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

“குரூஸ் கன்ட்ரோல் மேடம்.”

“நெருக்கமான தெருவுல அதைப் போடக் கூடாதே. காலை எடுத்துட்டா ஆபத்துல பிரேக்குக்குத் திரும்ப நேரமாகும். நீங்க நடத்தற புத்தகத்துலயே இருக்கு. பக்கம் நாற்பத்தொண்ணு.”

இந்த இடத்தில் மாஸ்டர், “மன்னிச்சுக்குங்க மேடம்,” என்று அணைத்திருந்தால் ஒரு மதிப்பெண்ணோடு போயிருக்கும். மனுஷனுக்குப் புத்தி அப்படி நேராகப் போகுமா?

“அது பழைய வண்டிக்கு மேடம். இது புதுசு. ஆள் குறுக்கே வந்தா வண்டியே பார்த்து நிறுத்திடும். இப்ப பார்த்தீங்களே!”

“இந்த மாடல்ல அந்த வசதி கிடையாதுன்னு நினைச்சேன்.”

“இப்பத்தான் வந்திருக்கு.”

“ஆளைப் பார்க்கற கண்ணை எங்கே வச்சிருக்கான்?”

“நம்பர் பிளேட்டுக்குப் பின்னால,” என்றார் மாஸ்டர். சொன்ன பிறகுதான் அவருக்கே அது தெரியவந்தது.

பேனா கீறியது. நம்பர் பிளேட் என்று எழுதிக்கொள்கிறார்.

அடுத்த தெருவில் வேகத்தடை. அதன் மேல் முப்பதில் ஏறினால் மூன்று பேர் தலையும் கூரையில் இடிக்கும். மாஸ்டர் காலை மெல்ல நகர்த்தினார். கண்ணாடியில் அதிகாரியின் பார்வை நேராக அவர் காலில் இருந்தது. கால் பழைய இடத்துக்கே போனது. வேகத்தடை கிட்டே வந்தது, இன்னும் கிட்டே வந்தது. கார் தானாக மூக்கைத் தாழ்த்தி வேகம் குறைந்தது. தொட்டிலை ஆட்டுகிற மாதிரி ஏறி இறங்கியது.

மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. நிஜமாகவே இருக்கிறது! தான் பொய் சொல்லவில்லை, தெரியாமல் உண்மையைச் சொல்லியிருக்கிறோம். கையேட்டைப் படித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். இந்த வண்டியைப் போய்க் கழுவாமல் வைத்திருந்தோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

“பார்த்தீங்களாம்மா? நாம ஒண்ணும் பண்ண வேண்டாம்.”

“சரி மாஸ்டர்,” என்றார் அத்தை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஆஸ்பத்திரித் தெருவுக்குள் திரும்பினார்கள். அதிகாரி முன்னால் சாய்ந்து, “காலை நல்லாப் பின்னால இழுத்துக்குங்க. நான் பார்க்கணும்,” என்றார்.

மாஸ்டர் மறுபடி பொத்தானை அமுக்கி, பாதங்களைச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கார் முப்பதில் போனது. இந்தப் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகள், அந்தப் பக்கம் மருந்துக்கடை, நடுவில் ஆட்கள் கடக்கும் வெள்ளைப்பட்டைக் கடவை. கடவையில் ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். நாற்காலியில் காலில் கட்டோடு ஒரு பெரியவர்.

இருபதடி. கார் குறையவில்லை.

மாஸ்டருக்குப் பரீட்சை மறந்தது, அனுமதி மறந்தது. காலை வெளியே இழுத்தார். ஷூவின் குதிகால் தரைவிரிப்பின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. உதறினார். வரவில்லை. பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கண்ணாடியில் காரின் முகப்பு தெரிகிற தூரம். “ஐயோ” என்று மாஸ்டர் வாய் திறந்தார்.

கார் நின்றது. சக்கர நாற்காலிக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது.

நர்ஸ் முறைத்தாள். பெரியவர், வழிவிட்டதற்கு நன்றி சொல்லுகிற மாதிரி, கையை உயர்த்தினார். மாஸ்டரும் கையை உயர்த்தினார். அழுகை வந்துவிடும் போலிருந்தது. அழாமல் அடக்கிக்கொண்டார்.

பின்னால் பேனாச் சத்தம் நின்றிருந்தது.

“நல்லா நிக்குது,” என்றார் அதிகாரி. அவரிடமிருந்து இப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை என்று பிற்பாடு அலுவலகத்தில் சொன்னார்கள். “ஆனா கொஞ்சம் தாமதமா நிக்குது. ஆள் நடமாட்டத்துல இனி வேண்டாம். அதை அணைச்சுட்டு யார்டுக்கு விடுங்க. அங்கே மரப்பலகை ஆள் முன்னால ஒரு தடவை காட்டுங்க, நான் மேலிடத்துக்கு எழுதறேன். எல்லாப் பயிற்சி வண்டிக்கும் இதை வைக்கச் சொல்லலாம்.”

மேலிடம்! மூன்றாவது நோட்டீஸுக்குப் பயந்து கிளம்பியவருக்கு இப்போது பாராட்டுக் கடிதமே வரும் போலிருந்தது.

அலுவலகத்துக்குப் பின்னால் இருந்தது பரீட்சை யார்டு. நடுவில் ஒரு மர மனிதன் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, நீலப் பேன்ட், சிரித்த முகம் எல்லாம் பெயின்ட். மாணவர்கள் அவனைப் ‘பலகை அண்ணன்’ என்பார்கள். மாஸ்டரின் மாணவர்கள் மட்டும் இதுவரை பதினொரு பேர் அவன் காலை உடைத்திருக்கிறார்கள்.

கிளம்பும் முன் மாஸ்டர் பக்கத்தில் பார்த்தார். அத்தையின் முகம் வெளிறிப்போயிருந்தது. உதடு ஏதோ முணுமுணுத்தது. உடம்பு முழுக்க விறைப்பு. பாவமாக இருந்தது அவருக்கு. தன் பிழைப்புக்காக வயதான மனுஷியை இப்படிப் படுத்துகிறோமே என்று மனசு நிஜமாகவே உறுத்தியது.

“அம்மா, இன்னும் எதுக்குப் பயம்? மூணு தடவை பார்த்தீங்க. எது குறுக்கே வந்தாலும் வண்டியே பார்த்துக்கும். காலைத் தூக்கி மேல வச்சுக்கிட்டு, வீட்ல உட்கார்ற மாதிரி சாவகாசமா உட்காருங்க.”

அத்தை அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெரிதாக ஒரு மூச்சு விட்டார். செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். பையை மடியில் வைத்து, கண்ணை மூடி, அன்று காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

“சரி மாஸ்டர்.”

மாஸ்டர் முப்பதைத் தொட்டார். பச்சை விளக்கு. பாதம் சீட்டுக்கு அடியில். ஸ்டியரிங்கில்கூட இரண்டு விரல்தான்.

“இப்ப பாருங்க மேடம்,” என்றார்.

பலகை அண்ணன் சிரித்தபடி கிட்டே வந்தான். மாஸ்டரும் சிரித்தபடி போனார். முப்பதடி. இருபதடி. இப்போது குறையும். பத்தடி. இதோ இப்போது.

சடார்!

பலகை அண்ணன் இடுப்போடு முறிந்து பானெட்டில் விழுந்தான். பயிற்சிப்பள்ளிப் பலகை கூரையிலிருந்து பிய்ந்து எங்கோ பறந்தது. மாஸ்டர் கால் ஒருவழியாகப் பிரேக்கைக் கண்டுபிடித்து மிதித்தபோது கார் யார்டின் மறுகோடியில் இருந்தது. முன்கண்ணாடியில் அப்பிக்கொண்டு, அண்ணனின் சிரித்த முகம் மாஸ்டரைப் பார்த்தது.

அதிகாரி தன் மூக்குக்கண்ணாடியைக் காலடியிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“இது ஆளா இருந்தா?” என்று கேட்டார்.

சக்கர நாற்காலிப் பெரியவர் கையை உயர்த்தியது மாஸ்டரின் கண்ணுக்குள் வந்தது.

அதிகாரி கீழே இறங்கி நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். அங்கே காய்ந்த சேறுதான் இருந்தது. திரும்பி வந்து, திறந்திருந்த ஜன்னலோரம் நின்று அட்டையைப் பிரித்தார்.

“மாஸ்டர், எனக்கு ரெண்டே வழிதான். வண்டியில நிஜமாவே அந்த வசதி இருந்து, அது கடைசியில பழுதாகியிருந்தா, இது வண்டிக் கோளாறு. வண்டியைச் சோதனைக்கு அனுப்பிட்டு உங்க அனுமதியைப் புதுப்பிச்சுடுவேன். அப்படி ஒரு வசதியே இல்லைன்னா, நீங்க ஆஸ்பத்திரி வாசல்ல காலை மடக்கி வச்சுக்கிட்டு வண்டி ஓட்டியிருக்கீங்க. அதுக்கு அனுமதி ரத்து. இன்னிக்கே.”

“இருக்கு மேடம்! சத்தியமா இருக்கு! மூணு தடவை நின்னுச்சே, நீங்களே பார்த்தீங்களே! என் கால் கீழேதானே இருந்தது? நீங்க என் காலையே பார்த்துட்டு இருந்தீங்களே!”

அதிகாரி யோசித்தார். அது உண்மைதான். மூன்று தடவையும் நின்றது, மூன்று தடவையும் இவர் கால் பிரேக் பக்கம் போகவில்லை.

“அப்போ வண்டிக் கோளாறுதான்,” என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார். முதல் கட்டத்தின் மேல் பேனா முனை இறங்கியது. மாஸ்டர் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரே ஒரு கோடு. அது விழுந்தால் ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை.

அத்தை கண்ணைத் திறந்தார். நல்ல வண்டியின் மேல் வீண் பழி போடுகிறார்களே என்று அவருக்குப் பொறுக்கவில்லை.

“வண்டியைச் சொல்லாதீங்கம்மா, அது நல்ல வண்டி, எந்த வண்டியில ஏறினாலும் பயம் வந்தா என் கால் தானா கீழே எதையாவது அழுத்திக்கும், மத்த வண்டியில ஒண்ணும் ஆகாது, இதுல மட்டும் நான் அழுத்தின மூணு தடவையும் கப்புனு நின்னுச்சு, கடைசித் தடவை காலைத் தூக்கி மேல வச்சுக்கச் சொன்னது நீங்கதானே மாப்பிள்ளை?”